ஃபில்டர் புதுசு, தொல்லையும் புதுசு: படகின் டீசல் ஃபில்டரை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“ஃபில்டர் மாத்துனதுக்கு அப்புறந்தாங்கண்ணா இப்படி இழுக்குது” என்று ஒருவர் வந்து நின்றால், எங்கே கை வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அந்தப் பேச்சிலேயே தெரிந்துவிடும். நேற்று வரை ஒழுங்காக ஓடிய இன்ஜின் இன்று ஸ்டார்ட் ஆகிறது, இரண்டு நிமிடம் ஓடுகிறது, திணறி நின்றுவிடுகிறது. பழி உடனே ஃபில்டர் விற்ற கடைக்காரர் மேல் விழும். டூப்ளிகேட் ஃபில்டர் ஊரில் கிடைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மாற்றிய கையோடு வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டும் அந்த அரை மணி நேரத்தில் உள்ளே போன காற்றாலும் தூசியாலும் வருபவை.

சேலத்தில் படகு என்றாலே ஏற்காடு ஏரியும் அங்கே காலால் மிதிக்கும் படகும்தான் ஞாபகத்துக்கு வரும். பிழைப்புக்காகப் படகு ஏறுகிறவர்களைப் பார்க்க பூலாம்பட்டிக்குப் போக வேண்டும். கதவணையில் தேங்கி நிற்கும் காவிரியைத் தாண்டி எதிர்க்கரை நெரிஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகில் ஆளும் போகும், டூவீலரும் போகும். சங்ககிரி லாரியானாலும் சரி, ஏற்காட்டு எஸ்டேட் ஜெனரேட்டரானாலும் சரி, படகானாலும் சரி, இன்ஜினுக்கு டீசல் போகும் பாதை ஏறக்குறைய ஒன்றுதான். லாரி நின்றால் ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு மெக்கானிக்குக்குப் போன் போடலாம். நடு ஆற்றில் அது நடக்காது. படகில் இந்த வேலைக்குக் கூடுதல் கவனம் வேண்டியிருப்பது அதனால்தான்.

முதலில் பாதையைப் பார்த்துவிடலாம். டேங்கிலிருந்து வரும் டீசல், அடியில் கிண்ணமும் வடிகால் திருகும் உள்ள முன் ஃபில்டருக்கு வருகிறது. தண்ணீர் அங்கே தங்கும். அங்கிருந்து ஃபீட் பம்ப் அதை உறிஞ்சி மெயின் ஃபில்டருக்குத் தள்ளுகிறது. அப்புறம் இன்ஜெக்‌ஷன் பம்ப், கடைசியில் டீசலைச் சிலிண்டருக்குள் பீச்சும் நாசில். ஃபீட் பம்புக்குப் பின்னால் ஏதாவது லூசாக இருந்தால் டீசல் கசிந்து காட்டிக்கொடுத்துவிடும். பம்புக்கு முன்னால், உறிஞ்சும் பக்கத்தில் லூசாக இருந்தால், இன்ஜின் ஓடும்போது ஒரு சொட்டும் வெளியே வராமல் காற்று மட்டும் உள்ளே போய்க்கொண்டிருக்கும். துணியால் துடைத்துப் பார்த்து, “எங்கேயும் கசிவே இல்லை” என்று நிம்மதியாகிறவர்கள் ஏமாறுவது இந்தப் பக்கத்தில்தான். ஆர்பிஎம் ஏறி இறங்கி ஆடுகிறது என்றால் முன் ஃபில்டரின் மூடி, கிண்ணம், ஹோஸ் கிளிப் மூன்றையும் முதலில் பாருங்கள்.

இருப்பதிலேயே விலை அதிகமான தவறு, மெயின் ஃபில்டருக்குள் கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பி மாட்டுவது. உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்றும் (ஏர் எடுக்கும்) வேலை குறையும் என்பதற்காகச் செய்வார்கள். திருகி மாட்டும் வகை ஃபில்டரைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தால் நடுவில் மரை போட்ட பெரிய ஓட்டையும், அதைச் சுற்றி வட்டமாகச் சின்னச் சின்ன ஓட்டைகளும் தெரியும். பெரும்பாலான ஃபில்டர்களில் அழுக்கு டீசல் நுழைவது சின்ன ஓட்டைகள் வழியாக. வடிகட்டிய டீசல் வெளியேறுவது நடு ஓட்டை வழியாக. நடுவில் ஊற்றுவதுதான் கைக்குச் சுலபம் என்பதால் எல்லோரும் அங்கேயே ஊற்றுகிறார்கள். அந்த டீசல் வடிகட்டும் தாளைத் தொடாமலேயே நேராக பம்புக்குப் போய்விடும். மெயின் ஃபில்டர் 2 முதல் 10 மைக்ரான் அளவுத் தூசியைப் பிடிப்பதற்காக இருக்கிறது. தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். கேனின் அடியில் கிடக்கும் துருவும் மண்ணும் இந்தக் கணக்கில் பாறாங்கல்.

பழைய மெக்கானிக்கல் பம்பு இன்ஜின்களில் நாசில் திறக்கும் அழுத்தம் 200 பார் அளவில் இருக்கும். கொஞ்சம் அழுக்கைப் பொறுத்துக்கொள்ளும். எல்லா நாசிலுக்கும் பொதுவான ஒரே குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் இன்ஜினில் அழுத்தம் 1,600 பாருக்கும் மேலே போகும். அங்கே இந்த அழுக்கு நாசிலைத் தின்றுவிடும். பல கம்பெனிகள் மெயின் ஃபில்டரை நிரப்பி மாட்டவே கூடாது என்று மேனுவலில் எழுதியிருப்பது இதனால்தான். காலியாக மாட்டி, டீசலைக் கையால் தள்ளும் சின்ன பம்பான ஹேண்ட் பிரைமரை அடித்து நிரப்புங்கள். கை வலிக்கும், வலிக்கட்டும். முன் ஃபில்டருக்கு இந்தக் கெடுபிடி இல்லை. அதை சுத்தமான டீசலால் நிரப்பி மாட்டலாம், அதற்குப் பின்னால் மெயின் ஃபில்டர் காவலுக்கு இருக்கிறது.

அடுத்தது பனியன் வேஸ்ட். திருப்பூரிலிருந்து மூட்டையாக வந்து மேற்கு மாவட்டத்துப் பட்டறைகளிலெல்லாம் கிடக்கும் அந்தத் துண்டுத் துணி, கை துடைக்க அருமையானது. ஃபில்டரை மாட்டும் மேல் பாகமான ஃபில்டர் ஹெட்டின் உட்புறத்தைத் துடைக்க அதை எடுக்காதீர்கள். நூல் பிரிந்து உள்ளே ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடம் ஃபில்டரைத் தாண்டிய சுத்தமான பக்கமாக இருந்தால் அந்த நூலை யாரும் தடுக்க முடியாது. கழற்றுவதற்கு முன்பே வெளிப்புறத்தை பிரஷ்ஷால் டீசல் விட்டுக் கழுவித் துடைத்துவிட்டால், உள்ளே துடைக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது. படகில் இன்ஜின் நடக்கும் பலகைக்குக் கீழே இருக்கும். மேலே நடக்கிறவர்கள் காலிலிருந்து ஆற்று மணல் கொட்டும். பலகையை எடுப்பதற்கு முன்னால் ஒருமுறை பெருக்கிவிடுங்கள். டெஃப்லான் டேப்பும் இதே ரகம். மரையில் சுற்றிய டேப் பிய்ந்து உள்ளே போய் பைப்பை அடைக்கும். பைப்பை இணைக்கும், நடுவில் ஓட்டையுள்ள பேஞ்சோ போல்ட்டுக்குத் தேவை புது காப்பர் வாஷர், டேப் அல்ல. ஒரு முறை நசுங்கிய வாஷரைத் திரும்பப் போட்டு, ஒழுகுகிறதே என்று இன்னும் முறுக்கினால் கடைசியில் மரைதான் போகும்.

கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான பழைய கேஸ்கெட் ஹெட்டிலேயே ஒட்டிக்கொண்டு நிற்பது அடிக்கடி நடக்கும். கருப்பின் மேல் கருப்பு, கண்ணுக்குத் தெரியாது. விரலை வளையமாக ஓட்டிப் பார்க்க வேண்டும். அதன் மேலேயே புதியதை மாட்டினால் அந்த நேரத்துக்குப் பிடித்துக்கொள்ளும். சூடேறி அதிர்வு வந்ததும் விட்டுவிடும். புது கேஸ்கெட்டில் விரலால் டீசலைத் தடவி, ஹெட்டைத் தொட்டதும் கையாலேயே முக்கால் சுற்று முறுக்கினால் பொதுவாகப் போதும். சரியான அளவு ஃபில்டர் மேலேயே அச்சிட்டிருக்கும். பெல்ட் ரெஞ்ச் கழற்றுவதற்கு மட்டும்தான்.

இரட்டைக் கிண்ணம் உள்ள பழைய இன்ஜின்களில் துணி ஃபில்டர் முதலில், பேப்பர் ஃபில்டர் இரண்டாவது. இரண்டும் ஒரே அளவில் இருப்பதால் இடம் மாற்றி மாட்டிவிடுகிறார்கள். மாட்டினாலும் இன்ஜின் ஓடும், அதுதான் சிக்கலே. பேப்பர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், பம்புக்குப் பக்கத்தில் துணி மட்டும் காவல் இருக்கும்.

ஏர் எடுப்பதில் வரிசை உண்டு. ஃபில்டர் ஹெட்டில் உள்ள திருகைத் தளர்த்தி, பிரைமரை அடித்து, நுரை நின்று டீசல் கெட்டியாக வரும்போது திருகை மூட வேண்டும். அடிக்கும்போதே மூட வேண்டும், நிறுத்திய பிறகு அல்ல. அப்புறம் இன்ஜெக்‌ஷன் பம்பின் திருகு. பழைய வகை இன்ஜின் இன்னும் பிடிக்கவில்லை என்றால் நாசில் நட்டைத் தளர்த்தி ஸ்டார்ட்டர் கொடுப்பார்கள். காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். பார்க்க ஊசி குத்திய அளவுக் காயம்தான் இருக்கும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்றால் விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

ஏர் எடுக்காமல் ஸ்டார்ட்டரையே நம்பி அடித்துக்கொண்டிருப்பது பேட்டரிக்கும் கேடு, மோட்டாருக்கும் கேடு. கடல் படகுகளில் இன்னொரு ஆபத்து சேரும். அங்கே குளிர்விக்கும் தண்ணீரைப் புகையோடு கலந்து வெளியே தள்ளும் அமைப்பு உண்டு. இன்ஜின் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் தண்ணீர் பம்ப் மட்டும் வேலை செய்யும், தண்ணீரைத் தள்ளப் புகை இருக்காது. புகைக்குழாய் நிறைந்து தண்ணீர் சிலிண்டருக்குள் திரும்பிவிடும். நீண்ட நேரம் அடிக்க வேண்டியிருந்தால் தண்ணீர் வால்வை மூடிவிட்டு அடித்து, பிடித்த உடனே திறந்துவிட வேண்டும். வால்வு என்றதும் இன்னொன்று. எல்லாம் முடிந்து டேங்க் வால்வைத் திறக்க மறந்தாலும், பைப்பில் மிச்சமிருக்கும் டீசலில் இன்ஜின் சற்று நேரம் ஓடிவிட்டுத்தான் நிற்கும். மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் அதைத் தொட்டுப் பாருங்கள்.

பழைய ஃபில்டரை அப்படியே தூக்கிப் போடுவதும் தவறுதான், அதிலிருந்துதான் டேங்கின் நிலவரம் தெரியும். அதிலிருந்த டீசலை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றிச் சிறிது நேரம் வையுங்கள். டீசலை விடத் தண்ணீர் கனமானது. அடியில் கோடு போட்டதுபோலத் தனியாக நிற்கும். அந்தக் கோட்டில் கருப்பாகக் கோழை மாதிரி மிதந்தால், டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் கிருமி வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். எத்தனை ஃபில்டர் மாற்றினாலும் அது திரும்ப வரும். டேங்கை இறக்கிக் கழுவியாக வேண்டும்.

நம் பக்கத்தில் இது வருவதற்குக் காரணம், இன்ஜின் சும்மா கிடப்பது. மேட்டூர் அணை நிரம்பி உபரி நீரைத் திறந்தால் பூலாம்பட்டிப் படகுகளைக் கரையில் கட்டிவிடுவார்கள். பாதி டேங்க் டீசலோடு மழைக்காலத்தில் நிற்கும் படகில், ராத்திரிக் குளிருக்கு டேங்கின் உட்சுவர் வியர்த்து அந்தத் தண்ணீர் அடியில் சேரும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், பனிமூட்டத்தில் கிடக்கும் ஏற்காட்டு ஜெனரேட்டர்களுக்கும் இதே கதைதான். நிறுத்தி வைக்கும்போது டேங்கை நிரப்பி வைப்பதும், திரும்ப எடுக்கும் அன்று ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே முன் ஃபில்டரின் வடிகால் திருகைத் திறந்து தண்ணீரை இறக்குவதும் ஃபில்டர் செலவைக் குறைக்கும். இறக்கியதை ஆற்றில் ஊற்றாதீர்கள். கேனில் பிடித்துக் கரைக்குக் கொண்டு வந்துவிடலாம்.

மாற்றியதும் ஆள் ஏற்றாதீர்கள். படகைக் கரையில் இறுகக் கட்டி, கியரில் போட்டு, கால் மணி நேரமாவது லோடு கொடுத்து ஓட்டுங்கள். வெறுமனே ஐடிலில் ஓடும் இன்ஜின் காற்றுக் கசிவைக் காட்டாது. நிறுத்திய பின் டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த வெள்ளைத் தாளால் தொட்டுப் பாருங்கள். பிறகு மார்க்கரால் ஃபில்டர் மேலேயே தேதியையும் ஹவர் மீட்டர் எண்ணையும் எழுதிவிட்டு, அதே நம்பர் ஃபில்டர் ஒன்று, ஓ-ரிங், காப்பர் வாஷர் எல்லாவற்றையும் ஒரு ஜிப் பையில் போட்டுப் படகிலேயே வைத்துவிடுங்கள்.