மலையகத்தின் ஈரத்திலும் குளிரிலும் பொலிமர் கிளே கருவிகளைப் பேணுதல்

ஓவனில் சுட்டால் இறுகும் பொலிமர் கிளேயில் காதணியும் சாவிக்கொத்தும் சிறு உருவங்களும் செய்யத் தொடங்குவோர் பெரும்பாலும் கிளேயின் நிறத்தையும் விலையையும் பற்றியே யோசிக்கிறார்கள்; கருவிகளைப் பற்றிய எண்ணம், கிளேயை வெட்டும் பிளேட்டில் துரு ஏறிய பின்னரே வருகிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கு ஆண்டின் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸை ஒட்டியே இருக்கிறது. ஹட்டன், தலவாக்கலைப் பக்கங்களில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை நின்று பெய்கிறது. பதுளை, பண்டாரவளைப் பக்கங்களிலோ ஆண்டின் கடைசி மாதங்களில்தான் மழை வலுக்கிறது. எனவே வெப்பமான ஊர்களில் இருப்போர் சொல்லித்தரும் முறைகளை இங்கு அப்படியே பின்பற்ற முடியாது. மலையகத்தில் கருவிகள் உழைத்துத் தேய்வதைவிட, ஈரத்தாலும் குளிரில் இறுகிய கிளேயாலும் கெடுவதே அதிகம் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் கிளேயின் இயல்பைத் தெரிந்துகொள்வது நல்லது. பெயரில் களிமண் இருந்தாலும் அதில் மண் இல்லை. பிவிசி என்னும் பிளாஸ்டிக்கின் நுண்துகள்களை, எண்ணெய் போன்ற பிளாஸ்டிசைசர் ஒன்றோடு கலந்து செய்யப்படுவது அது. அந்தப் பிளாஸ்டிசைசர்தான் கிளேயை மென்மையாக வைத்திருக்கிறது; அதுவே வேறு சில பிளாஸ்டிக்குகளையும் மெல்ல மெல்ல இளக்கிவிடுகிறது. சுடாத கிளேயைக் கண்ணாடி போன்ற, வளைத்தால் படீரென உடையும் பெட்டியில் சில வாரம் வைத்துப் பாருங்கள்: பெட்டியின் அடி பிசுபிசுத்து, கிளேயோடு ஒட்டிப்போயிருக்கும். அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று அச்சிடப்பட்ட பெட்டிகளைத் தவிர்த்து, 5 என்று இருப்பவற்றைத் தேர்ந்தெடுங்கள். வார்னிஷ் பூசிய மேசையிலும் சுடாத கிளேயை நேரடியாக வைக்க வேண்டாம். வேலை செய்வதற்கு வழவழப்பான தரை ஓடு ஒன்றே போதும். செய்த பொருளை எடுக்காமல் அந்த ஓட்டோடு சேர்த்தே ஓவனில் வைக்கவும் முடியும்.

குளிர்ந்த காலையில் புதிய கிளேக் கட்டியை எடுத்தவுடன் பாஸ்டா இயந்திரத்தில் (கைப்பிடியைச் சுற்றினால் இரு உருளைகளுக்கிடையே கிளேயைத் தகடாக்கும் கருவி) விடுவதுதான் இங்கு அடிக்கடி நடக்கும் தவறு. இறுகிய கிளே உருளைகளுக்கிடையே சிக்கும்போது, அதன் அழுத்தம் முழுவதும் பல்சக்கரங்களில் விழுகிறது. சில காலத்தில் உருளைகள் விலகி, தகட்டின் ஒரு பக்கம் தடித்தும் மறு பக்கம் மெலிந்தும் வரத் தொடங்கும். ஆகவே கட்டியை 3 மில்லிமீற்றர் அளவுத் துண்டுகளாகச் சீவி, பொலித்தீன் பையில் இட்டு, சுவெட்டரின் உட்பையில் கால் மணி நேரம் வைத்திருங்கள். மிதமான சூட்டில் உள்ள சுடுநீர்ப் பையைத் துணியால் சுற்றி அதன் மேலும் வைக்கலாம். அடுப்பங்கரையில் வைப்பது மட்டும் கூடாது. அங்கு சூடு சீராக இல்லாததால் கிளேயின் ஓரங்கள் அரைகுறையாக வெந்து, பிசைந்தாலும் கரையாத மணிகளாக மாறிவிடும். கிளே இளகிய பின் கையால் பிசைந்து, ரோலரால் தட்டையாக்கி, இயந்திரத்தின் மிகத் தடித்த அளவில் விடுங்கள். மடித்து மீண்டும் விடும்போது மடிப்பு விளிம்பு முதலில் உள்ளே போக வேண்டும். திறந்த விளிம்பு முன்னே போனால் காற்று உள்ளே அகப்பட்டு, சுடும்போது கொப்புளமாக எழும்பும்.

பாஸ்டா இயந்திரத்தை ஒருபோதும் தண்ணீரில் கழுவ வேண்டாம். உள்ளே போன ஈரம் இந்தக் காலநிலையில் எளிதில் காயாது. நிறம் மாற்றும் முன் வெள்ளைக் கழிவுக் கிளேயை இரண்டு மூன்று முறை ஓடவிட்டு, பாமசியில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த துணியை உருளையில் பிடித்தபடி கைப்பிடியைச் சுற்றுங்கள். இயந்திரத்தைக் கவிழ்த்தால், உருளைகளை உரசி நிற்கும் மெல்லிய தகடுகள் தெரியும். பழைய கிளே சேர்ந்து அடுத்த நிறத்தில் கோடு இழுப்பது அங்கிருந்துதான். மரக்குச்சியால் அதைச் சுரண்டி எடுங்கள். உலோகக் கூர் பட்டால் உருளையில் கீறல் விழும், அந்தக் கீறல் பின்னர் ஒவ்வொரு தகட்டிலும் பதியும்.

ஆனால் அதே ஸ்பிரிட்டை அக்ரிலிக் ரோலருக்குப் பயன்படுத்தவே கூடாது. பட்ட உடனே எதுவும் தெரியாது. நாளடைவில் உள்ளுக்குள் நுண்ணிய வெடிப்புக் கோடுகள் பரவி, ரோலர் மங்கிவிடும். நகப்பூச்சு அகற்றும் அசிட்டோனோ அதன் மேற்பரப்பையே கரைத்துவிடும். இளஞ்சூட்டு நீரும் சோப்பும், துடைக்க மென்மையான பருத்தித் துணியும் அதற்குப் போதும்.

பிளேட்டுக்குத் தனிக் கவனம் வேண்டும். நீளமான மெல்லிய பிளேட்டில் ஒரு விளிம்பு மட்டுமே கூரானது. இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால், மழுங்கிய விளிம்பில் சிவப்பு நகப்பூச்சால் பட்டையாக ஒரு கோடு போட்டுவிடுங்கள். அந்தப் பக்கம் மட்டுமே விரல் படட்டும். பிள்ளைகள் உள்ள வீடுகளில் இது கட்டாயம். வேலை முடிந்ததும் விளிம்புக்கு வெளிப்புறமாகத் துடைத்து, மழைக்காலத்தில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு ஒன்று கொடுங்கள். தேங்காயெண்ணெய் இதற்கு உதவாது: 24 பாகைக்குக் கீழே அது உறைந்து, திட்டுத்திட்டாக நின்று, இடையிடையே உலோகத்தை வெறுமையாக விட்டுவிடும். தையல் இயந்திர எண்ணெயில் ஒரு சொட்டுப் போதும். அடுத்த முறை வெட்டும் முன் அதை ஸ்பிரிட்டால் நன்கு துடைத்தெடுங்கள். எண்ணெய் பட்ட கிளேத் துண்டுகள் ஒன்றோடொன்று சரியாகப் பிடிக்காது.

கிளேத் தகட்டிலிருந்து வடிவங்களை வெட்டியெடுக்கும் அச்சுவெட்டிகளில் தகரத்தாலானவை விரைவில் துருப்பிடிக்கும். முடிந்தால் துருவேறா எஃகிலானவற்றையே வாங்குங்கள். முப்பரிமாண அச்சில் வரும், பிஎல்ஏ என்னும் பிளாஸ்டிக்காலான வெட்டிகள் துருப்பிடிக்காவிட்டாலும், 60 பாகையளவில் இளகி வளைந்துவிடும் என்பதால் கொதிநீரில் கழுவ வேண்டாம். சுற்றுலாப் பயணிகள் விரும்பிக் கேட்கும் இரண்டு இலையும் கொழுந்துமான காதணியை வெட்டும்போது, வெட்டியின் விளிம்பைச் சோள மாவில் லேசாகத் தொட்டுக்கொண்டால் நுனிகள் கிழியாமல் வரும். தேயிலையின் ஓரத்துப் பற்களை வெட்டியால் கொண்டுவர முடியாது. ஊசிக் கருவியைப் படுக்கைவாட்டில் பிடித்து, ஓரத்தை உள்நோக்கி மெல்ல மெல்ல அமுக்க வேண்டும். அதற்கு ஊசி முனையில் பழைய கிளேயின் பொருக்கு ஒட்டியிருக்கக் கூடாது. சிலிக்கோன் முனைகளையும் அச்சுகளையும் சோப்பு நீரில் கழுவி, நிழலில் உலர்த்தினால் போதும்.

கம்பளி சுவெட்டரின் நார் வெள்ளைக் கிளேயில் ஒட்டினால் எளிதில் போகாது. குளிருக்குச் சுவெட்டர் அவசியம்தான். மேலே பருத்திச் சட்டை ஒன்றை அணிந்து, கை முனைகளை மடித்துவிட்டு உட்காருங்கள். வெள்ளையை முதலிலும் சிவப்பு, கறுப்பு நிறங்களைக் கடைசியிலும் கையாள்வது நல்லது.

சுடுவதற்கு ஓவனின் திருகியை நம்பாமல், தனியாக ஓர் ஓவன் வெப்பமானியை உள்ளே வைத்துப் பாருங்கள். கிளே வகைகளில் ஃபிமோ என்னும் பிராண்ட் 110 பாகை செல்சியஸில் 30 நிமிடமும், பிரிமோ என்னும் பிராண்ட் 130 பாகையில் ஒவ்வொரு 6 மில்லிமீற்றர் தடிப்புக்கும் 30 நிமிடமும் கேட்கின்றன. எந்தக் கிளேயானாலும் உறையில் உள்ளதே இறுதி. சிறிய ஓவன்களில் சூட்டுக் கம்பி மிக அருகில் இருப்பதால், அலுமினியத் தாளைக் கூடாரமாக மடித்து மூடினால் மேற்பரப்பு கருகாது. கருகும் பிவிசி, கண்ணையும் மூச்சையும் எரிக்கும் ஹைட்ரஜன் குளோரைட்டு வாயுவை விடுகிறது. எவ்வளவு குளிராக இருந்தாலும் சுடும்போது யன்னலைத் திறந்து வையுங்கள். புகை கிளம்பினால் ஓவனை அணைத்துவிட்டு, பிள்ளைகளோடு அறையை விட்டு வெளியேறுங்கள். மழையில் கரண்ட் போய் நடுவில் நின்றுவிட்டால் கவலை வேண்டாம். கரண்ட் வந்ததும் மீண்டும் முழு நேரம் சுடலாம், பொருளுக்குக் கேடில்லை. கிளே பட்ட கருவி எதையும் சமையலுக்குத் திருப்பிக் கொடுக்கக் கூடாது.

வைப்பதற்கு, இறுக மூடும் டப்பா ஒன்றில் உலோகக் கருவிகளை மட்டும் தனியே போட்டு, புதுச் சப்பாத்துப் பெட்டிகளோடு வரும், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை உடன் வையுங்கள். ஈரக் கையோடு எடுத்த கருவியை உடனே உள்ளே போட்டு மூடிவிட்டால் டப்பாவே அதற்குப் பகையாகும். இரவு முழுவதும் வெளியே விரித்து வைத்து, காலையில் துடைத்தே மூடுங்கள். அந்தப் பொட்டலங்களும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் பயன்படா.