பழைய காரின் கூலிங் சிஸ்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாருதி 800 உற்பத்தி 2014-இல் நின்றுபோனது. இன்றும் அதைத் தேடிப்பிடித்து வாங்கி, ஞாயிற்றுக்கிழமை தானே ஸ்பேனர் பிடிக்கும் பையன்கள் எனக்குத் தெரிந்தே பல பேர். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் ரேடியேட்டர் பக்கம் போனதும், என் முதல் காரில் நான் செய்த அதே வேலைகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதே, தண்ணீர் வற்ற விடாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

போர்வெல் தண்ணீர் ஊற்றுவது

"நம்ம ஊர்ல என்ன பனியா உறையுது, கூலண்ட் எதுக்கு?" என்று கேட்பார்கள். கூலண்ட் என்பது ரேடியேட்டர் தண்ணீரோடு கலக்கும் திரவம். உறையாமல் பார்த்துக்கொள்வது அதன் ஒரு வேலை மட்டும்தான். கூலண்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைகாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால், அது திறந்த பாத்திரத்திலேயே சுமார் 107 டிகிரியில்தான் கொதிக்கும். 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி போட்டு அடைத்தால் 125 டிகிரியைத் தாண்டும். வால்பாறை ஏற்றத்தில் ஏசி போட்டுக்கொண்டு நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறும் வண்டிக்கு இது பெரிய வித்தியாசம்.

அதைவிட முக்கியம், கூலண்டில் இருக்கும் துரு தடுப்பான்கள். வார்ப்பிரும்பு, அலுமினியம், செம்பு, பித்தளை, ஈயப் பற்று என்று பல உலோகங்கள் ஒரே தண்ணீரில் ஊறிக்கிடக்கின்றன. அதில் உப்புத் தண்ணீரை ஊற்றினால் அரிப்பும் படிவும் சேர்ந்தே வரும். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள்தான் முதலில் அடைக்கும்.

கான்சன்ட்ரேட் வாங்கினால் டிஸ்டில்டு வாட்டரில் கலக்குங்கள். கலக்காமல் அப்படியே ஊற்றுவதும் தவறு. தண்ணீர் அளவுக்கு அது சூட்டைச் சுமக்காது. ரெடி மிக்ஸ் என்றால் தண்ணீர் சேர்க்க வேண்டியதே இல்லை. கேனில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துவிடுங்கள்.

நிறம் பார்த்து வாங்குவது

பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் வெறும் சாயம். இந்த நிறம் இந்த வகைதான் என்று பொது விதி எதுவும் கிடையாது. லேபிளில் இருக்கும் துரு தடுப்பான் வகையைப் பாருங்கள். செம்பு-பித்தளை ரேடியேட்டர் உள்ள அம்பாசடர், பத்மினி போன்ற வண்டிகளுக்குப் பழைய இனார்கானிக் வகைதான் என் தேர்வு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். பிளாஸ்டிக் டேங்க் வைத்த அலுமினிய ரேடியேட்டருக்குக் கார் கம்பெனி சொல்லும் வகையை ஊற்றுங்கள். ஆர்கானிக் வகைகள் பொதுவாக ஐந்து வருடம் தாங்கும். இரண்டையும் கலந்தால் அந்த ஆயுள் போய்விடும், சில நேரம் கொழகொழவென்று கசடு கட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத செகண்ட் ஹேண்ட் வண்டியா? முழுக்க வடித்து, அலசி, புதிதாக ஊற்றுங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது

எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருவது இந்த ஒன்றுக்குத்தான். "நம்ம வெயிலுக்கு இது தேவையில்ல சார், வால்வைக் கழட்டிட்டேன், இனிமே வண்டி கூலா ஓடும்" என்று பெருமையாகச் சொல்லும் மெக்கானிக்குகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வாங்குகிற பையனும் தலையாட்டிவிட்டு வருகிறான்.

தெர்மோஸ்டாட் என்பது எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு. அதற்குள் ஒரு மெழுகுக் குடுவை இருக்கிறது. 82 டிகிரி வால்வு என்றால், அந்தச் சூட்டில் மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளத் தொடங்கும். 95 டிகிரி வாக்கில் முழுதாகத் திறக்கும். அதுவரை தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும், எஞ்சின் சீக்கிரம் சூடேறும். வெளியே 40 டிகிரி வெயில் அடித்தாலும் எஞ்சினுக்கு அது குளிர்தான். கழற்றிவிட்டால் கார்பரேட்டர் வண்டியில், குளிர்ந்த எஞ்சினுக்காக இழுத்துவிட்ட சோக்கை உள்ளே தள்ள முடியாது. எம்பிஎஃப்ஐ (கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் தெளிக்கும்) வண்டியில் சென்சார் "இன்னும் குளிர்" என்றே சொல்லிக்கொண்டிருக்கும், கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகமாக ஊற்றிக்கொண்டே இருக்கும்.

தெரிந்த பையன் ஒருவன். வீட்டிலிருந்து ஆபீஸுக்கு நாலு கிலோமீட்டர், அவ்வளவுதான் ஓட்டம். ஒரு நாள் ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் வெளிறிய மஞ்சளாகப் பாலாடை மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது, ஹெட் கேஸ்கட் (எஞ்சின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போச்சு என்று சொல்லிவிட்டார்கள். ஹெட்டை இறக்கி, லேத்தில் கொடுத்து ஃபேஸிங் போட்டு, புது கேஸ்கட் மாட்டி, ஆயிரக்கணக்கில் செலவு. அடுத்த மாதமே அதே பாலாடை.

கேஸ்கட் போகவே இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாக உண்டாகிறது. அதில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலுக்குள் இறங்கும். எஞ்சின் சரியான சூட்டில் ஓடினால் அது ஆவியாகி, பிரீதர் என்ற காற்றுப்போக்குக் குழாய் வழியாகப் போய்விடும். சூடே ஏறாத எஞ்சினில் அங்கேயே தங்கி ஆயிலோடு குழையும். அவன் வண்டியில் தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலி. சில நூறு ரூபாய் வால்வு ஒன்றைப் போட்டு, ஆயிலை மாற்றினான். அதற்கப்புறம் மூடி சுத்தமாக இருக்கிறது. கூலண்ட் அளவு குறைகிறதா என்று முதலிலேயே யாராவது பார்த்திருந்தால் ஹெட்டைத் தொட்டிருக்கவே வேண்டாம்.

இன்னொன்று. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது பைபாஸ் வழியையும் சேர்த்து மூடும். அங்கே அதைக் கழற்றினால் சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் திரும்பி எஞ்சினுக்குள் போகும். கூலாக ஓடும் என்று கழற்றிய வண்டி மலையேற்றத்தில் கொதிக்கும்.

உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். காலையில் ஸ்டார்ட் செய்து, ஃபேனில் கை படாமல், மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். சில நிமிடம் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சுட வேண்டும். ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால், வால்வு இல்லை, அல்லது திறந்தபடி மாட்டிக்கொண்டது. கழற்றிய வால்வைச் சோதிக்க, பாத்திரத்தின் அடியைத் தொடாதபடி நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். எந்த டிகிரியில் திறக்கிறது என்று பார்க்கத் தெர்மாமீட்டர் ஒன்று போதும்.

ஃபேனை டைரக்ட் செய்வது

சூட்டைப் பார்த்து ஃபேனை ஓட்டும் சுவிட்ச் போனால் சுவிட்சை மாற்றுங்கள், ஃபேன் எப்போதும் ஓடும்படி நேராக ஒயர் கொடுக்காதீர்கள்.

மஞ்சள்தூள், லீக் பவுடர்

ரேடியேட்டர் ஓட்டையை அடைக்க இவற்றைப் போடுவதெல்லாம் வீடு வந்து சேரும் வரை மட்டும்.

சூடு காட்டும் மீட்டர் முள்ளை மட்டும் நம்புவது

சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் முள் உண்மை சொல்லும். தண்ணீர் மொத்தமாகப் போய்விட்டால் சென்சார் காற்றில் நிற்கும், முள் கீழே இறங்கும், எஞ்சின் உள்ளே வெந்துகொண்டிருக்கும். ஏற்றத்தில் முள் திடீரென்று இறங்கினால் உடனே ஓரம் கட்டுங்கள்.

மூடியைக் கண்டுகொள்ளாமல் விடுவது

ரேடியேட்டர் மூடியில் இரண்டு வால்வுகள் உண்டு. பெரியது அழுத்தத்தை வெளியே விடும். நடுவில் இருக்கும் சின்னது, எஞ்சின் ஆறும்போது ரிசர்வ் டேங்க்கிலிருந்து கூலண்டை உள்ளே இழுக்கும். இரவில் மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிக்கிடந்தால், சின்ன வால்வு மாட்டிக்கொண்டது, அல்லது டேங்க்குக்குப் போகும் ட்யூப் மடிந்திருக்கிறது. ஹோஸை மாற்றி பிரயோஜனம் இல்லை. புது மூடி வாங்கும்போது பழையதில் உள்ள அழுத்த எண்ணையே கேட்டு வாங்குங்கள்.

வடித்த கூலண்டைத் தெருவில் ஊற்றுவது

எத்திலீன் கிளைகால் இனிக்கும், விஷமும் கூட. நாயும் பூனையும் நக்கினால் சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். கேனில் பிடித்து, இறுக மூடி, பழைய ஆயில் வாங்குபவரிடம் இதையும் எடுத்துக்கொள்வாரா என்று கேளுங்கள்.