புலாவ் உபினில் ஓரிரவு: முதுகுச் சுமையைக் குறைக்கும் வழி

சிங்கப்பூரின் சாங்கி முனையிலிருந்து பம்போட் எனும் சிறு படகில் ஏறினால் சிறிது நேரத்திலேயே புலாவ் உபின் தீவை அடைந்துவிடலாம் என்றாலும், அங்கிருந்து மாமாம் முகாம் திடல்வரை நடக்கும்போதுதான் பையிலுள்ள ஒவ்வொரு கிலோவும் தோளை அழுத்தத் தொடங்கும்.

முதலில் விட்டுவிட வேண்டியது தடித்த உறக்கப் பை. சிங்கப்பூரில் இரவிலும் வெப்பநிலை பொதுவாக 23 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவதில்லை என்பதால், ஒரு மெல்லிய பருத்திப் போர்வையே போதுமானது. ஆனால் கொசுவலை பொருத்திய சிறு கூடாரத்தையும் அதன் மழைவிரிப்பையும் எடைக்கு அஞ்சி ஒருபோதும் விட்டுவிடாதீர்கள்.

நம் ஊர் மழை முன்னறிவிப்பின்றிக் கொட்டும். விலையுயர்ந்த பையுறையைவிட, பைக்குள் விரிக்கும் தடிமனான ஒரு குப்பைப் பையையே நான் பரிந்துரைப்பேன். மாற்றுடை, போர்வை, பவர் பேங்க் ஆகியவற்றை அதற்குள் வைத்து, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை முறுக்கி, முறுக்கிய பகுதியை மடித்து உள்ளே செருகிவிட்டால் ஒரு சொட்டு நீரும் இறங்காது.

தண்ணீரில் மட்டும் சிக்கனம் கூடாது. 1 லிட்டர் 1 கிலோ எடை என்றாலும், இந்தப் புழுக்கத்தில் ஒருவருக்குக் குறைந்தது 3 லிட்டராவது வேண்டும். அதை முதுகெலும்பை ஒட்டி வைத்தால் நடை தள்ளாடாது.

சமையல் அடுப்பு தேவையில்லை. இரவுக்குச் சப்பாத்தியும் உலர்ந்த பொரியலும், காலைக்கு ரொட்டியும் பழமும் போதும். காட்டுப்பன்றிகள் மோப்பம் பிடித்து வரும் என்பதால், உணவை இறுக்கமான டப்பாவில் அடைத்து வையுங்கள். மிச்சத்தையும் குப்பையையும் திறந்த வெளியில் விட்டுவைக்காதீர்கள்.