பழைய கேன்சர், புதிய எலும்பு வலி: பயாப்ஸியில் நாம் செய்யும் தவறுகள்

மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து ஒன்பது வருடம் கழித்து பெரியம்மாவுக்கு இடுப்பு வலி வந்தது. ஸ்கேனில் இடுப்பெலும்பில் ஒரே ஒரு புள்ளி. சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் வீட்டில் அன்று இரவே தீர்ப்பு எழுதிவிட்டோம்: "திரும்ப வந்துருச்சு." தெரிந்த விஷயத்துக்கு எதற்கு ஊசியால் துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி, உடனே மருந்தை ஆரம்பியுங்கள் என்று டாக்டரிடம் வாதாடியதே நான்தான்.

பயாப்ஸி முடிவும் கேன்சர் என்றுதான் வந்தது. ஆனால் முதல் கட்டியில் இருந்த ஹார்மோன் ஏற்பி (ஹார்மோன் வந்து ஒட்டும் புரதம்; ஹார்மோன் மாத்திரை வேலை செய்ய அது வேண்டும்) இதில் இல்லை. என் பேச்சைக் கேட்டிருந்தால் வேலை செய்யாத ஹார்மோன் மாத்திரையில் மாதங்கள் ஓடியிருக்கும். அமிலத்தில் ஊறியதால் வந்த பொய் முடிவாக இருக்குமோ என்றும் டாக்டர் ஆய்வுக்கூடத்தில் விசாரித்தார். எலும்புத் துண்டைச் சீவ முதலில் சுண்ணாம்புச் சத்தைக் கரைக்க வேண்டுமாம். கடுமையான அமிலம் அதை வேகமாகக் கரைக்கும், கூடவே ஏற்பியையும் மரபணுவையும் சிதைக்கலாம். ஈடிடிஏ என்ற ரசாயனம் மெதுவாக வேலை செய்தாலும் பதமானது.

பழைய நோயின் பெயரைப் புதிய புள்ளிக்கு ஒட்டுவதுதான் முதல் தவறு, குறிப்பாக ஒற்றைப் புள்ளி என்றால். அது வேறொரு கேன்சராக இருக்கலாம், எலும்பு மஜ்ஜையில் தொடங்கும் மைலோமா என்ற புற்றுநோயாக இருக்கலாம், கதிர்வீச்சு வாங்கிய எலும்பில் விழுந்த விரிசலாகவும் இருக்கலாம். காசநோயும் உண்டு. அதனால் சந்தேகம் இருந்தால் ஒரு துண்டைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கும் அனுப்பச் சொல்லுங்கள்.

இதைவிட ஆபத்தான அவசரம் ஒன்று இருக்கிறது. தொடை எலும்பு முறியப்போகிறது என்று பயாப்ஸி இல்லாமலே உள்ளே கம்பி செலுத்துவது. பரவிய கேன்சர் என்று நினைத்தது எலும்பிலேயே தொடங்கிய சார்கோமா என்ற புற்றுநோயாக இருந்தால், கம்பி அந்தச் செல்களை எலும்பின் நீளத்துக்கும் இழுத்துப்போகும். காப்பாற்றியிருக்கக்கூடிய காலை எடுக்கவேண்டி வரலாம். ஊசி போகும் பாதையைக்கூட, பின்னால் அறுவை செய்யப்போகும் குழுவோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். 'ஊசி பட்டால் பரவும்' என்று நம் வீடுகளில் சொல்லும் பயத்தில் உண்மை அவ்வளவுதான். அதற்காக ஊசியே வேண்டாம் என்பது வீண் பிடிவாதம்.

எல்லாருக்கும் இது தேவை என்றும் இல்லை. பரவியது ஏற்கெனவே உறுதியாகி, பல இடங்களில் புள்ளிகள் இருந்து, முடிவு எதுவானாலும் சிகிச்சை மாறாது என்றால் விட்டுவிடலாம்.

அப்புறம், 'கேன்சர் செல் இல்லை' என்று வந்தால் உடனே நிம்மதி அடைந்துவிட வேண்டாம். இறுகிய எலும்பில் ஊசி சரியான இடத்தைத் தவறவிடுவதுண்டு. ஸ்கேனும் முடிவும் ஒத்துப்போகாவிட்டால் மறுபடி எடுக்கத்தான் வேண்டும்.

முதல் ஆபரேஷனைச் சென்னையிலோ திருச்சியிலோ செய்துகொண்டு இங்கே வந்தவர்கள் ரிப்போர்ட்டை மட்டும் கொண்டுவருகிறார்கள். அந்த மருத்துவமனையில் கேட்டு, கட்டியின் சீவல் ஒட்டிய கண்ணாடி ஸ்லைடையும், மீதித் துண்டைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியையும் வாங்கி வாருங்கள். புதிய துண்டைப் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க அதுதான் உதவும்.

பெரியம்மா நர்ஸ் ஆங்கிலத்தில் கேட்டதற்கெல்லாம் "ஓகே, ஓகே" என்று தலையாட்டினார். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரையைச் சொல்லவே இல்லை. கேட்டால், "அது தினமும் போடுறதுதானேப்பா, அதையுமா சொல்லணும்?" இதயத்தில் ஸ்டென்ட் இருப்பதால் அதைத் தானாக நிறுத்தவும் கூடாது. இதய டாக்டரைக் கேட்டு முடிவெடுக்கும் வரை பயாப்ஸி தள்ளிப்போனது. அடுத்த முறை தமிழில் விளக்க ஆள் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தோம்.