டி.எஸ்.எல்.ஆரா, பாக்கெட் கேமராவா? கொடை ராத்திரியில் வைத்துப் பார்ப்போம்

போன வாரம் வள்ளியூரிலிருந்து சித்தி மகன் போன் போட்டான். "எண்ணே, கேமரா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். பெருசு வாங்கவா, சின்னது வாங்கவா? பெருசுலதான படம் நல்லா விழும்?" என்று ஆரம்பித்தவன் முக்கால் மணி நேரம் விடவில்லை. அவன் பெருசு என்றது லென்ஸைக் கழற்றி மாட்டுகிற டி.எஸ்.எல்.ஆர்., சின்னது என்றது சட்டைப்பையில் போகிற பாக்கெட் கேமரா. அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதி வைக்கிறேன். அடுத்த ஆள் கேட்டால் இதை அனுப்பிவிட்டு நான் சாப்பிடப் போய்விடலாம்.

படி 1: கடைக்குப் போகும் முன் போனைத் திறங்கள்

நீங்கள் கடைசியாக எடுத்த 100 படங்களைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்து விழுந்த ரோஜாப்பூ, பிறந்தநாள் வாழ்த்தெல்லாம் கணக்கில் சேராது, நீங்களே எடுத்தது மட்டும். ஒரு தாளில் இருட்டு, தூரம், மற்றது என்று மூன்று பத்தி போட்டு ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கோடு இழுத்துக்கொண்டே வாருங்கள். கோயில் உள்பிராகாரம், ராத்திரி கொடை (எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழா), கல்யாண ரிசப்ஷன், வீட்டுக்குள் ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தது இதெல்லாம் இருட்டு. விரலால் இழுத்துப் பெரிதாக்கி எடுத்து, கடைசியில் திப்பிதிப்பியாக வந்தது தூரம். பட்டப்பகலில் ஆளை நிற்கவைத்து எடுத்தது, சாப்பாட்டுத் தட்டு, புது பைக், இதெல்லாம் மற்றது.

மற்றது மட்டும் 80க்கு மேலே போனால் கேமரா வாங்கும் யோசனையையே கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம். பகல் வெளிச்சத்தில் இப்போதைய போன் எடுப்பதற்கும் கேமரா எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் போன் திரையில் பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. அந்தக் காசில் வேறு ஏதாவது நல்ல காரியம் செய்யலாம்.

படி 2: பிள்ளையின் கிராப் நோட்டை வாங்குங்கள்

வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால் கிராப் தாள் இருக்கும். அதில் அகலம் 22 மில்லிமீட்டர், உயரம் 15 மில்லிமீட்டர் என்று ஒரு கட்டம் போடுங்கள். தொடக்கநிலை கேனான் டி.எஸ்.எல்.ஆருக்குள் இருக்கும் சென்சார், அதாவது வெளிச்சம் விழுந்து படம் பதிகிற சில்லு, ஏறக்குறைய இதுதான். நிக்கானில் இன்னும் ஒரு மில்லிமீட்டர் கூட வரும். பக்கத்திலேயே 6க்கு 4.5 என்று இன்னொன்று போடுங்கள். சாதா பாக்கெட் கேமராவின் சென்சார் அவ்வளவுதான். பெரிய கட்டத்தின் பரப்பில் சின்னது 12 அடங்கும். இரண்டு பெட்டியின் மேலும் 20, 24 மெகாபிக்சல் என்று ஒரே மாதிரிதான் அச்சடித்திருக்கும். அந்த எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள், வெளிச்சம் விழுகிற இடம் எவ்வளவு என்பதுதான் கணக்கு.

மூன்றாவதாக 13க்கு 9 என்று ஒரு கட்டம் போடுங்கள். இதற்கு '1 அங்குல சென்சார்' என்று பெயர். அளந்து பார்த்தால் அகலம் அரை அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அந்தக் காலத்து டிவி கேமரா குழாய்களுக்கு அளவு சொன்ன வழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. விலை கூடின பாக்கெட் கேமராக்களில் இருப்பது இந்த நடுக்கட்டம். இதை மறந்துவிடாதீர்கள், கொடை ராத்திரியில் இதுதான் குட்டையைக் குழப்பப் போகிறது.

படி 3: கொடை ராத்திரிக் கணக்கு

நான் முதன்முதலில் டி.எஸ்.எல்.ஆர். வாங்கின வருஷம் எங்கள் ஊர் சுடலைமாடன் கோயில் கொடைக்கு அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன். கேமராவோடு சேர்ந்தே வருகிற 18-55 மி.மீ. கிட் லென்ஸ்தான் கையில் இருந்தது. (இந்த மி.மீ. எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது நெருங்கித் தெரியும்.) வில்லுப்பாட்டு முடிந்து சாமக்கொடையில் சாமியாடி இறங்கியதும் நானும் இறங்கினேன். கிட்டத்தட்ட 200 படம். வீட்டுக்கு வந்து பார்த்தால் சாமி இருக்கிற இடத்தில் ஒரு செந்நிற மேகம், அரிவாள் இருக்கிற இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு. கூட்டத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றவர்கள் மட்டும் தெளிவாக விழுந்திருந்தார்கள். நடுவில் ஒருதடவை பிளாஷ் போட்டதற்கு, "ஏலே, சாமி மூஞ்சில போயி லைட்ட வெட்டுத, அங்கிட்டுப் போல" என்று ஒரு பெரியவர் விரட்டினது தனி.

நடந்தது இதுதான். கிட் லென்ஸை 55க்கு இழுத்தால் அதன் வாய் எஃப் 5.6 அளவுக்குச் சுருங்கிவிடும். எஃப் எண் கூடினால் வாய் சிறுக்கும், குறைந்தால் விரியும். உள்ளே வருகிற வெளிச்சம் போதாமல் கேமரா ஷட்டரை 1/30 நொடி திறந்து வைத்திருந்தது. அந்த நேரத்துக்குள் சாமியாடி ஒரு சுற்றே சுற்றிவிடுவார். இதே இடத்தில் எஃப் 1.8 லென்ஸ் இருந்தால் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும், ஷட்டர் 1/300 நொடிக்குப் போகும், அரிவாள் அரிவாளாக நிற்கும். லென்ஸில் ஆட்டம் தாங்கும் வசதி இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது உங்கள் கை ஆட்டத்தைத்தான் தாங்கும், சாமியின் ஆட்டத்தைத் தாங்காது.

இப்போது நடுக்கட்டத்துக்கு வருவோம். 2016இல் வந்த கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 2 மாதிரியான பாக்கெட் கேமராவில் சென்சார் 1 அங்குலம், லென்ஸ் எஃப் 1.8இல் தொடங்கி முழுக்க இழுத்தாலும் 2.8தான். டி.எஸ்.எல்.ஆர். சென்சார் இதைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு பெரியது. ஆனால் கிட் லென்ஸின் 5.6க்கும் இதன் 2.8க்கும் நடுவே வெளிச்சத்தில் நான்கு மடங்கு வித்தியாசம். இரண்டையும் கழித்துப் பாருங்கள். கிட் லென்ஸ் மாட்டின டி.எஸ்.எல்.ஆரும் சட்டைப்பையில் போகிற இந்தக் கேமராவும் இருட்டில் ஏறக்குறைய ஒன்றுதான்! கழுத்து வலிக்கச் சுமந்தவன் நான், அதனால் எனக்கு இது தெரிய வந்தபோது கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவே இருந்தது.

அதனால் டி.எஸ்.எல்.ஆர். வாங்குவதென்றால் இரண்டாவது லென்ஸுக்கும் சேர்த்துக் காசு எடுத்து வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கிட் லென்ஸோடு வாங்கி, பத்து வருஷமும் அதைக் கழற்றாமலே வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் பெரிய பெட்டிக்குக் கொடுத்த காசு தண்டம். அந்த இரண்டாவது லென்ஸ் பெரும்பாலும் 50 மி.மீ. எஃப் 1.8ஆக இருக்கும், லென்ஸ்களிலேயே விலை குறைந்த சாதிகளில் அது ஒன்று. ஆனால் கேனானின் இந்தச் சென்சாரில் 50 என்பது பழைய பிலிம் கேமராவின் 80 மாதிரி நெருக்கிக் காட்டும். கொடைக்குத் தோது. நம் வீட்டுப் பத்துக்குப் பத்து அறையில் நாலு பேரைச் சேர்த்து எடுக்கப் பின்னால் நகர்ந்தால் முதுகு சுவரில் முட்டும். வீட்டுக்குள் எடுப்பதுதான் அதிகம் என்றால் நிக்கானில் 35 மி.மீ. எஃப் 1.8 இருக்கிறது, அதைப் பாருங்கள்.

நிக்கான் ஆட்களுக்கு இன்னொன்று. டி3500, டி5600 போன்ற தொடக்கநிலை பாடிகளுக்குள் (லென்ஸ் நீங்கலான கேமராவுக்குப் பாடி என்று பெயர்) போகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸ் பெயரில் ஏ.எஃப்-எஸ் அல்லது ஏ.எஃப்-பி என்று இருந்தால்தான் தானாகப் போகஸ் ஆகும். விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று பழைய 50 மி.மீ. 1.8 டி வாங்கி வந்தால் கையால் திருகிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

படி 4: கூந்தன்குளம் கணக்கு

உங்கள் தாளில் தூரம் என்ற பத்தியில் கோடு அதிகமா? தை, மாசியில் நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம் போயிருப்பீர்கள். அங்கே மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள் மரங்களிலேயே கூடு கட்டும், அதற்குப் பெரிய ஜூம் தேவையில்லை. குளத்துக்குள் நிற்கிற பறவைதான் சோதனை.

இங்கே கணக்கு தலைகீழ். 18-55ஐ முழுக்க இழுத்தாலும் 88 மி.மீ. அளவுக்குத்தான் நெருங்கும், நாரை எறும்பு மாதிரி விழும். 55-250 டெலி லென்ஸ் வாங்கினால் 400. ஆனால் கேனான் எஸ்.எக்ஸ்.740 மாதிரி 40 மடங்கு ஜூம் உள்ள பாக்கெட் கேமரா 960 வரைக்கும் போகிறது, எடையோ 300 கிராம்தான். காலை எட்டு மணி வெயிலில் அசையாமல் நிற்கிற நாரையின் கண்ணைப் பிடிக்க அது போதும். பொழுது சாய்ந்ததும் அதே கேமரா கைவிட்டுவிடும், சென்சார் 6க்கு 4.5 கட்டம், அந்த ஜூமில் லென்ஸின் வாயும் 6.9. பறக்கிற பறவைக்கும் அது ஆகாது. டி.எஸ்.எல்.ஆரின் கண்துளை வழியாகப் பார்த்துப் பறவையோடு சேர்ந்து திரும்புகிற சுகம் திரையைப் பார்த்து எடுப்பதில் இல்லை. போகஸும் டி.எஸ்.எல்.ஆரில்தான் வேகம். பங்குனி வெயிலில் திரை கண்ணுக்கே தெரியாது என்பது வேறு.

படி 5: தண்ணீர், மணல், தோள்

கேனான் 1500டி பேட்டரியோடு 475 கிராம், கிட் லென்ஸ் 200 கிராம். ஜி7 எக்ஸ் மார்க் 2 மொத்தமே 319 கிராம். எண்ணாகப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. ஆனியில் சாரல் விழுகிறபோது ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் துண்டும் எண்ணெயுமாகக் குற்றாலத்தில் நின்று பாருங்கள், அப்போது தெரியும். இரண்டுமே அருவித் தண்ணீருக்கு ஆகாது. குளித்துக்கொண்டே எடுக்க வேண்டுமென்றால் ஒலிம்பஸ் டி.ஜி.6 மாதிரி 15 மீட்டர் ஆழம் தாங்குகிற தனி வகை இருக்கிறது. சென்சார் சின்னதுதான், ஆனால் அருவிக்குள் உயிரோடு இருப்பது அது மட்டும்தான்.

மணல் விஷயத்தில் பாக்கெட் கேமரா சவலைப் பிள்ளை. உவரி கடற்கரையில் காற்றுக்கு நடுவே ஆன் செய்தேன். நீண்டு வந்த லென்ஸ் குழாய்களின் இடுக்கில் நாலைந்து மணல் போய் உட்கார்ந்துகொண்டது, கரகரவென்று ஒரு சத்தம், லென்ஸ் உள்ளேயும் போகவில்லை வெளியேயும் வரவில்லை. அத்தோடு சரி. டி.எஸ்.எல்.ஆருக்கும் தேரி மணலில் லென்ஸ் கழற்றினால் தூசி போகும், ஆனால் அந்தத் தூசியைத் துடைக்க வழி இருக்கிறது.

பேட்டரியும் பாருங்கள். 1500டி ஒரு சார்ஜில் 500 படம், டி3500 1,550 படம், ஜி7 எக்ஸ் மார்க் 2 265 படம் என்பது கம்பெனிக் கணக்கு. பாக்கெட் கேமரா வாங்கினால் இரண்டாவது பேட்டரியும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

படி 6: வாங்குகிற இடத்தில்

கேனானும் நிக்கானும் 2020க்குப் பிறகு புது டி.எஸ்.எல்.ஆர். பாடி கொண்டுவரவில்லை, எல்லாம் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றுகிற கேமரா) பக்கம் போய்விட்டது. அதனால் நம் கைக்கு வருவது பாதிக்குமேல் பழையதுதான். மிரர்லெஸ் வாங்கினாலும் மேலே சொன்ன சென்சார், லென்ஸ் கணக்கெல்லாம் அப்படியே பொருந்தும்.

பழையது வாங்கும்போது முதலில் லென்ஸைக் கழற்றி, போன் டார்ச்சை ஒரு பக்கத்திலிருந்து அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்திவலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை. எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் வேண்டாம். அப்புறம் எஃப் 16இல் வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினால் சென்சார் தூசி கரும்புள்ளியாகத் தெரியும். கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை. நிக்கான் என்றால் எடுத்த படத்துக்குள்ளேயே ஷட்டர் எத்தனை தடவை அடித்தது என்ற எண் பதிந்திருக்கும். டி3500க்குக் கம்பெனி சொன்ன ஆயுள் 1,00,000. கல்யாணத்துக்கு 2,000 படம் எடுக்கிறவர் கையிலிருந்து வந்திருந்தால் 50 முகூர்த்தத்தில் அது முடிந்திருக்கும், வெளியே பளபளவென்றுதான் இருக்கும்.

பாக்கெட் கேமராவை ஆன் செய்து, அணைத்து, மறுபடி ஆன் செய்து பாருங்கள், அந்தக் கரகர சத்தம் வந்தால் கீழே வைத்துவிடுங்கள். பிறகு கடை வாசலில் போகிற ஆட்டோவை எடுங்கள். பழைய சின்னக் கேமராக்களில் பட்டனை அமுக்கி, அது யோசித்து முடிப்பதற்குள் ஆட்டோ வண்ணார்பேட்டை தாண்டிவிடும். ஓடியாடுகிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்தச் சோதனை ஒன்றே போதும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு எந்தக் கேமராவானாலும் பீரோவில் துணிக்கு நடுவே சொருகாதீர்கள். ரப்பர் வளையம் வைத்த மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று, செருப்புப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து. அவ்வளவுதான் செலவு.

இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சித்தி மகன் மறுநாள் திரும்பக் கூப்பிட்டான்.

"எண்ணே, எண்ணிட்டேன். இருட்டு 52, தூரம் 3, மத்தது 45."

"இருட்டுல அம்புட்டு என்னல எடுத்த?"

"பாப்பா தூங்குததுதாண்ணே. அதுவே 40 இருக்கும்."

தூங்குகிற பிள்ளைக்கு 1/30 நொடி தாராளம், இப்போதைக்குப் போனையே வைத்து ஓட்டு, அவள் நடக்க ஆரம்பித்ததும் டி.எஸ்.எல்.ஆரையும் 35 மி.மீ. லென்ஸையும் சேர்த்துப் பார்க்கலாம் என்றேன்.

"எட்டு மாசம் முடிஞ்சிட்டுண்ணே. சுவத்தப் பிடிச்சிக்கிட்டு நிக்கா."

"அப்படின்னா இந்த ஞாயித்துக்கிழமையே ஜங்ஷனுக்கு வா" என்றேன்.