வெளிநாடு போகிறீர்களா? மருத்துவ அவசரத்துக்கு முன்கூட்டியே தயாராவது எப்படி

முன்பின் தெரியாத ஊரில் மயங்கி விழுந்தால், நமக்காக ஒரு தாள்தான் பேச வேண்டும். அதை எழுதுவதுதான் முதல் வேலை.

படி 1: தாள்

பெயர், ரத்த வகை, இருக்கும் நோய்கள், ஒவ்வாமை, வீட்டாரின் எண் (நாட்டுக் குறியீட்டோடு), சாப்பிடும் மருந்துகள். மருந்துக்குக் கம்பெனி வைத்த பெயர் மட்டும் போதாது. அதன் மூலப்பெயரையும் மில்லிகிராம் அளவையும் எழுதுங்கள். மூலப்பெயரும் சில நேரம் மாறும். நம் பாராசிட்டமால் அமெரிக்காவில் அசிட்டமினோஃபென். இது தெரியாமல் இரண்டையும் வேறு வேறு மருந்தென்று நினைத்துச் சேர்த்து விழுங்கினால் கல்லீரல் பாதிக்கப்படலாம். ஆஸ்துமா இன்ஹேலரில் இருக்கும் சால்பியூட்டமாலுக்கு அங்கே ஆல்பியூட்டரால் என்று பெயர். இரண்டு பெயரையும் எழுதிவிடுங்கள்.

"எனக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது" என்பதுபோல உயிர் காக்கும் ஒரு வரியைப் போகும் நாட்டு மொழியிலும் எழுதி வையுங்கள். ஒரு பிரதி பாஸ்போர்ட்டோடு, இன்னொன்று பர்ஸில். போனின் பூட்டுத்திரையில் தெரியும் மருத்துவ விவரப் பக்கத்தையும் நிரப்புங்கள்.

படி 2: மருந்துப் பை

மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் கொட்டாமல், அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் கைப்பையிலேயே வையுங்கள். சில நாளுக்குக் கூடுதலாகவே இருக்கட்டும். செக்-இன் பெட்டியில் இன்சுலின் வேண்டவே வேண்டாம், உறைந்து வீணாகலாம்.

அப்புறம், சட்டம். கொடீன் (சில வலி, இருமல் மருந்துகளில் இருப்பது) கலந்த மருந்துக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் முன் அனுமதி வேண்டும். ஜப்பானில் 10 சதவீதத்துக்கு மேல் சூடோஎஃபெட்ரின் உள்ள சளி மருந்துக்கு அனுமதியே கிடையாது. தூதரக இணையதளத்தில் முன்பே பாருங்கள்.

படி 3: காப்பீடு

ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ காப்பீடு கட்டாயம். எந்த நாடானாலும், இருக்கும் நோயை மறைக்காதீர்கள். மறைத்தால் பணம் மறுக்கப்படலாம். நோயாளியை ஊருக்குக் கொண்டுவரும் செலவும் அடங்குமா என்று கேளுங்கள். பலரும் விட்டுவிடும் கேள்வி இது.

படி 4: அவசர உதவி எண்

ஐரோப்பிய ஒன்றியத்தில் 112, அமெரிக்காவில் 911, ஆஸ்திரேலியாவில் 000. ஜப்பானில் ஆம்புலன்ஸுக்கு 119, போலீஸுக்குத்தான் 110.

அழைத்ததும் முதலில் இடத்தைச் சொல்லுங்கள், அப்புறம் நோயை. பாதியில் லைன் அறுந்தாலும் வண்டி வந்துவிடும். அதனால் தங்கும் இடத்தின் முகவரியை உள்ளூர் எழுத்தில் படம் பிடித்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.