சனிக்கிழமை ராத்திரி சர்வரை உடைப்பது எப்படி?

ரிலீஸுக்கு இரண்டு நாள் முன்னால் "ஒரு ஸ்ட்ரெஸ் டெஸ்ட் போட்டுடலாமா?" என்று, அதாவது சர்வர் எவ்வளவு கூட்டம் தாங்கும் என்று உடையும்வரை ஏற்றிப் பார்க்கலாமா என்று மேனேஜர் கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். அப்போது எது உடைந்தாலும் திருத்த நேரமில்லை. 2013 அக்டோபர் 1 அன்று திறந்த கையோடு முடங்கிய அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளமான ஹெல்த்கேர்.கவ்-ஐ, முழுதாகச் சேர்த்துச் சோதித்தது கடைசி இரண்டு வாரங்களில்தான்.

அதனால் இதை வாராந்திர வேலையாக்குங்கள். நான் பார்ப்பது பஸ் டிக்கெட் தளம். தேடுவது, சீட் பிடிப்பது, பணம் கட்டுவது என்று மூன்று பாதைகளுக்கு மட்டும் கே6 என்ற லோடு டெஸ்ட் டூலில் ஸ்கிரிப்ட் இருக்கிறது. எல்லாப் பக்கத்துக்கும் எழுதப் போனால் பராமரிக்கவே ஆள் போதாது. அதே வேலைக்கான ஜேமீட்டர் தெரிந்தவர்கள் அதிலேயே எழுதலாம். ஓட்டும்போது மட்டும் அதன் திரையை மூடிவிட்டு கமாண்ட் லைனில் ஓட்டுங்கள்.

தினமும் ராத்திரி பில்டு (அன்றைய கோடைச் சேர்த்து ஆப்பாக்குவது) முடிந்ததும், வழக்கமான கூட்டத்தை வைத்து பத்து நிமிடம். நூற்றில் 95 கோரிக்கைகள் நீங்கள் வைத்த வரம்புக்குள் முடியவில்லையா, பில்டு சிவப்பு, அதாவது தோல்வி. இதில் சமரசம் கூடாது.

சனிக்கிழமை ராத்திரி உடைக்கிற வேலை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை லோடை ஏற்றிக்கொண்டே போங்கள், பிழைகள் ஒரு சதவீதத்தைத் தாண்டும்வரை. ஏற்றும்போது பயனர் எண்ணிக்கையை வைத்து ஏற்றாதீர்கள், நொடிக்கு எத்தனை கோரிக்கை என்று வைத்து ஏற்றுங்கள். போலிப் பயனர் பதில் வரும்வரை காத்திருப்பார். சர்வர் திணறினால் அவர் அனுப்புவதும் தானாகக் குறைந்துவிடும், ரிப்போர்ட் அழகாகத் தெரியும். நிஜக் கூட்டம் அப்படிக் காத்திருக்காது.

உடையும் இடம் பெரும்பாலும் சிபியு அல்ல. ஸ்பிரிங் பூட் (ஜாவா ஃப்ரேம்வொர்க்) ஆப் என்றால் முதலில் டேட்டாபேஸ் கனெக்‌ஷன் பூலை, அதாவது ஆப் திறந்துவைத்து மாறிமாறிப் பயன்படுத்தும் கனெக்‌ஷன்களின் தொகுப்பைப் பாருங்கள். அந்தப் பூலை நிர்வகிக்கும் ஹிகாரிசிபி-யின் இயல்பு அளவு 10. ஒரு கோரிக்கை 200 மில்லிநொடி கனெக்‌ஷனைப் பிடித்துவைத்தால் நொடிக்கு 50-தான் தாங்கும். கோரிக்கைகளை வாங்கும் டாம்கேட்டில், ஒரே நேரத்தில் 200 கோரிக்கையைக் கையாள 200 த்ரெட் இருந்து என்ன பயன்? பத்து போக மீதியெல்லாம் வரிசையில் நிற்கும்; 30 நொடிக்குள் கனெக்‌ஷன் கிடைக்காதவை பிழையாக விழும். சிபியு அப்போதும் சும்மாதான் இருக்கும். சரி, பூலை 100 ஆக்கிவிடலாம் என்று உடனே யாராவது சொல்வார்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இயல்பாக அனுமதிப்பதே மொத்தம் 100 கனெக்‌ஷன்தான், ஆப் சர்வரோ இரண்டு, கேட்பது 200 ஆகிவிடும். முதலில் அந்த 200 மில்லிநொடி எங்கே போகிறது என்று பாருங்கள்.

உடைந்ததும் டெஸ்டை நிறுத்தாதீர்கள். லோடை பழைய அளவுக்கு இறக்கி, தானாக எழுந்திருக்கிறதா, எத்தனை நிமிடத்தில் என்று குறியுங்கள். ரீஸ்டார்ட் செய்தால்தான் எழும் என்றால், நம் பட்டியலில் அது முதல் நிலை பக்.

உடைந்த எண்ணும் மீண்ட நேரமும் திங்கள் காலை ஸ்டாண்டப் மீட்டிங்கில் சொல்லப்பட வேண்டும். போன வாரத்தைவிட எண் குறைந்திருந்தால், நடுவில் மெர்ஜ் ஆன கோடு மாற்றங்களில்தான் பெரும்பாலும் காரணம் இருக்கும். ஒரு வார மாற்றங்களுக்குள் தேடுவது சுலபம்.

அப்புறம் டேட்டா. சோதனை ஓடும் ஸ்டேஜிங் சர்வரின் டேட்டாபேஸில் இருநூறு வரிசை மட்டும் இருந்தால் எந்தக் கொயரியும் பறக்கும். ப்ரொடக்‌ஷன் (நிஜத் தளம்) அளவுக்கு நிரப்புங்கள், பெயரையும் போன் நம்பரையும் மாற்றிவிட்டு. பேமென்ட் கேட்வேக்குப் பதில் போலி ஒன்றை வையுங்கள். ஓட்டுவதற்கு முன் எஸ்எம்எஸ் அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஓடிபிக்கும் பில் வரும்.